தரங்கம்பாடி லைனில் பழைய கேட் சிக்னல் தேடுகிறவருக்கு

நீங்கள் கேட்டது மூன்று விஷயம். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு ஓடி நின்றுபோன மீட்டர்கேஜ் பாதையில் பழைய ரயில்வே கேட் சிக்னல்கள் இன்னும் கிடைக்குமா? கிடைத்தால் கழற்றிக்கொண்டு வரலாமா? கொண்டுவந்ததை எப்படிச் சரிசெய்து வைப்பது? உங்கள் தாத்தா அந்தப் பாதையில் கேட்கீப்பராக இருந்தவர் என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். நான் 1981-ல் ரயில்வே சிக்னல் பிரிவில் கலாசியாக, அதாவது உதவி ஆளாகச் சேர்ந்து, டெல்டா முழுக்கக் கம்பி இழுத்து, எண்ணெய் போட்டு, மெயின்டெய்னராக ஓய்வு பெற்றவன்.

நடுவில் இருக்கும் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பாதையோரம் நிற்கிற எதையும் கழற்றாதீர்கள். வண்டி நின்று நாற்பது வருடம் ஆகப்போகிறது, தண்டவாளமே இல்லை, சீமைக்கருவேல் மூடிக் கிடக்கிறது, யார் கேட்கப்போகிறார்கள் என்றுதான் தோன்றும். ஆனால் அந்தத் தடம் ரயில்வே நிலம், அதில் ஊன்றியிருக்கும் இரும்பு ரயில்வே இரும்பு. 1966-ஆம் வருடத்து ரயில்வே சொத்து (சட்டவிரோத உடைமை) சட்டத்தில் முதல் தடவைக்கே ஐந்து வருடம் வரை சிறை உண்டு. திருடியது என்று சந்தேகப்பட நியாயமான காரணம் உள்ள ரயில்வே பொருள் உங்கள் கையில் இருந்தால், அது நேர்வழியில் வந்தது என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான். கடையில் காசு கொடுத்து வாங்கினேன் என்று வாயால் சொன்னால் ஆர்.பி.எஃப். (ரயில்வே பாதுகாப்புப் படை)காரர்கள் விடமாட்டார்கள், சீட்டு கேட்பார்கள். ஒரு பழைய விளக்குக்காகக் கோர்ட்டுக்கு நடையாய் நடந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் திருடனில்லை. ஆசைப்பட்டு வாங்கினார், பில் வாங்கவில்லை, அவ்வளவுதான்.

இனி, என்ன தேடுகிறோம் என்பதைச் சொல்கிறேன். வெளிநாட்டு வீடியோக்களில் பார்த்த மணியும், மாறி மாறி மினுக்கும் சிவப்பு விளக்கும், பெருக்கல் குறி போட்ட பலகையும் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அவை நம் கிளைப் பாதைகளில் கிடையாது. அங்கே எச்சரிக்கை ரோட்டில் போகிறவனுக்கு. நம் ஊரில் ரோட்டுக்காரனுக்குக் கேட், ரயில் டிரைவருக்குச் சிக்னல். கேட்டைச் சாத்திப் பூட்டினால்தான் சாவி கையில் வரும். அந்தச் சாவியைப் போட்டால்தான் லிவர் அசையும். லிவரை இழுத்தால்தான் தூரத்தில் நிற்கும் கைகாட்டி, அதாவது கம்பத்தில் கை போல நீட்டி நிற்கும் சிக்னல், இறங்கும். கேட் திறந்து கிடக்கும்போது எந்தக் கேட்கீப்பராலும் வண்டிக்கு வழி கொடுக்க முடியாது. இந்த ஏற்பாட்டுக்குக் கரண்ட் வேண்டாம், பூட்டும் கம்பியும் போதும்.

கேட்டுக்கென்று தனியாக நிற்கும் கைகாட்டியில் ஒரு வட்டத் தகடு இருக்கும். மஞ்சள் வட்டத்தில் கறுப்பாக ஆங்கில ‘ஜி’ எழுத்து. அதுதான் கேட் சிக்னலுக்கு அடையாளம். அந்தத் தகடு இல்லாத கைகாட்டி ஸ்டேஷனைச் சேர்ந்ததாக, ஸ்டேஷனுக்குள் நுழையும் முன் வரும் அவுட்டர் சிக்னலாகவோ ஹோம் சிக்னலாகவோ இருக்கும். கை சிவப்பு, நுனிப்பக்கம் ஒரு வெள்ளைப் பட்டை. கை நேராக நீட்டி நின்றால் நில், கீழே சாய்ந்தால் போ. “கைகாட்டி இறங்கிடுச்சு, வண்டி வந்துடும்” என்று ஊரில் சொல்வோமே, அது இந்தக் கீழ்நோக்கிச் சாயும் வகையைப் பார்த்து வந்த பேச்சு. கம்பி அறுந்துபோனால் என்ன ஆகும் என்று எல்லாரும் கேட்பார்கள். கம்பத்தின் அடியில் ஒரு வார்ப்பிரும்பு எடை தொங்கும். கம்பியின் இழுப்பு போனதும் அந்த எடை கீழே இறங்கிக் கையை நேராக்கிவிடும். கோளாறு வந்தால் சிவப்பு. ஐப்பசி மழையில் கம்பி அறுந்து, கைகாட்டி தானாகச் சிவப்புக்குப் போய், வண்டி நின்று கூவிக்கொண்டிருக்க, நாங்கள் குடையோடு வரப்பில் ஓடிய இரவுகள் நிறைய.

ஒரு விஷயத்தில் உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. கிளைப் பாதைகளில் எல்லாக் கேட்டுக்கும் சிக்னல் இருந்ததில்லை. நாளைக்குச் சில வண்டிகள் போகும் பாதையில், வண்டிப்பாதை குறுக்கிடும் இடத்தில் ஒரு சங்கிலியோ இரண்டு இரும்புக் கதவோதான் இருக்கும். கைகாட்டி வைத்தது பெரிய ரோடு குறுக்கிடும் இடத்திலும், வளைவில் பார்வை மறைகிற இடத்திலும். ஆகவே உங்கள் தாத்தாவின் கேட்டில் சிக்னல் இருந்தே இருக்கும் என்று முடிவுகட்டிக்கொண்டு கிளம்பாதீர்கள்.

தரங்கம்பாடிப் பாதை 1926-ல் திறந்தது, 1986-ல் நின்றது. டெல்டாவில் நின்றுபோன மற்றப் பாதைகளின் கதை வேறு. நீடாமங்கலம்–மன்னார்குடி 1976-ல் நின்று 2011-ல் அகலப் பாதையாகத் திரும்பி வந்தது. பேரளம்–காரைக்கால் 1898-ல் வந்து 1987-ல் நின்றது, அங்கேயும் இப்போது அகலப் பாதை போட்டுவிட்டார்கள். திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி 2023-ல் திரும்ப வந்தது. ஊருக்கு ரயில் வந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் புதுப் பாதை போடும்போது மண்ணை அகலப்படுத்தி, பழைய மதகை இடித்து, கேட் வீட்டைத் தரைமட்டமாக்கித்தான் போடுவார்கள். அங்கெல்லாம் தேடிப் பயனில்லை. தரங்கம்பாடி இன்னும் திரும்பவில்லை, அதனால்தான் அந்தத் தடத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

இந்த இரும்புக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1894-ல் மாயவரத்திலிருந்து (இன்றைய மயிலாடுதுறை) திருவாரூர் வழியாக முத்துப்பேட்டைக்குப் போட்ட பாதை தஞ்சாவூர் ஜில்லா போர்டின் பாதை. ஜில்லாவில் நிலம் வைத்திருந்தவர்களிடம் நிலவரியோடு ரயிலுக்கென்று தனி வரி வாங்கிச் சேர்த்த பணம் அதில் இருக்கிறது. நெல் விற்ற காசில் வந்த ரயில். பொதுச்சொத்து என்று பலகையில் எழுதியிருந்தால் கண்டுகொள்ளாமல் போகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

தேடப் போவதற்கு ஒரு காலம் உண்டு. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் கொஞ்ச நாளில் வாய்க்காலெல்லாம் தண்ணீர். குறுவை, சம்பா என்று தை வரைக்கும் வயலில் கால் வைக்க முடியாது. தை பாதியில் அணை மூடி, சம்பா அறுத்து, வயல் காய்ந்த பிறகு மாசி, பங்குனியில் போங்கள். அப்போதுதான் ரயில் மேடு தனியாகக் கண்ணுக்குத் தெரியும். நம் டெல்டாவில் மேடு என்பதே கிடையாது. ஆற்றங்கரையை விட்டால், வயலுக்கு நடுவில் ஆள் உயரத்துக்கு நேர்கோடாக ஒரு மேடு ஓடினால் அது பெரும்பாலும் ரயில் தடம். வெயில் காலத்தில் கண்ணாடி விரியன் இருக்கும், கையில் கம்பு வைத்துக்கொண்டு, தட்டித் தட்டி நடக்க வேண்டும்.

போவதற்கு முன்னால் செயற்கைக்கோள் படத்தில் பாருங்கள். செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் என்று ஊர்களைத் தொட்டு ஒரு மரவரிசை போகும். மாட்டுவண்டிப் பாதை நெளிந்து நெளிந்து போகும், ரயில் வளைவு நிதானமாக ஒரே வட்டத்தில் திரும்பும். சந்தேகம் வந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடமும், புல எண் வாரியாக நில விவரம் எழுதிய அ-பதிவேடும் பார்க்கலாம். ரயில்வே நிலம் நீளமான பட்டையாகத் தனிப் புல எண்ணில் இருக்கும். எது ரயில்வே நிலம், எது பட்டா நிலம் என்பதும் அப்போதே தெரிந்துவிடும். அது உங்கள் பாதுகாப்புக்கு வேண்டும். ரயில்வே இடத்தில் அனுமதியில்லாமல் நுழைவதும் 1989-ஆம் வருடத்து ரயில்வே சட்டப்படி குற்றம். ஆகவே பொது ரோடு தடத்தை வெட்டுகிற இடங்களில் நின்று பாருங்கள். கேட் இருந்ததும் அந்த இடங்களில்தானே.

அங்கே நின்றதும் கண்ணை மேலே தூக்காதீர்கள். கைகாட்டியெல்லாம் எப்போதோ ஏலத்தில் போயாயிற்று. தரையைப் பாருங்கள். ரோட்டின் இரண்டு பக்கமும் பழைய தண்டவாளத் துண்டை நட்டு வைத்திருப்பார்கள், அது கேட் கம்பம். அதன் பக்கவாட்டில் மண்ணைத் துடைத்தால் எழும்பிய எழுத்தில் செய்த கம்பெனியின் பெயரும் வருடமும் படிக்கக் கிடைக்கும். சுண்ணாம்புக் காரை போட்ட ஒற்றை அறையின் சுவர் நின்றால் அது கேட்கீப்பர் வீடு. அங்கிருந்து தடத்தோடு பார்வையை ஓட்டினால், முழங்கால் உயரத்தில் சின்ன இரும்புக் குச்சியும் அதன் தலையில் கையளவு சக்கரமும் தட்டுப்படலாம். சிக்னல் கம்பி அந்தச் சக்கரங்களின் மேல்தான் ஓடும். அது கிடைத்தால் அந்தக் கேட்டுக்குச் சிக்னல் இருந்தது உறுதி. கம்பி போன திசையில், நாலு போல்ட் நீட்டிக்கொண்டிருக்கும் சதுரக் கட்டு ஒன்று புல்லுக்குள் இருக்கும். கம்பம் நின்ற இடம் அது.

சில வருடம் முன்பு ஆக்கூருக்குக் கிழக்கே ஒரு வாய்க்காலில் பார்த்ததைச் சொல்கிறேன். வயலுக்குத் தண்ணீர் பிரியும் வாய்மடையில் பலகைக்குப் பதிலாக ஒரு தகடு செருகியிருந்தது. ஏறக்குறைய நாலடி நீளம். பாதி சேற்றில் புதைந்து, மேல் பாதி பாசி பிடித்து இருந்தது. ஒரு கை தண்ணீர் அள்ளித் தேய்த்தேன். சிவப்பு வந்தது. இன்னும் தேய்த்தேன், வெள்ளைப் பட்டை வந்தது. எனாமல், பெயின்ட் இல்லை. ஓரத்தில் முட்டை ஓடு மாதிரி சில்லு சில்லாய்ப் பெயர்ந்திருந்ததே தவிர, நடுவில் நேற்றுப் பூசியது போலப் பளபளத்தது. அடிப்பக்கத்து போல்ட் ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தபோது, எத்தனை தரம் இந்த ஓட்டையில் ஸ்பேனர் வைத்திருப்போம் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை. தண்டவாளம் ஏலம் எடுத்த கான்ட்ராக்டரின் ஆள் விட்டுப்போனது, அப்பா காலத்திலிருந்து மடைக்கு இதுதான் என்றார் வயல்காரர். “எடுத்துக்கிட்டுப் போங்க சார், ஆனா தண்ணி நிக்காது, ஒரு பலகை போட்டுக் குடுங்க” என்றார். நான் எடுக்கவில்லை. ரயில்வே விற்றதற்கும் அவருக்கு வந்ததற்கும் நடுவில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. படம் எடுத்தேன், நீள அகலம் குறித்தேன், இடம் குறித்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

கழற்றாமல் விட்டது எனக்கு வருத்தமில்லை. என் அனுபவத்தில், கைகாட்டியைக் காட்டிலும் அது எந்த ரோட்டில், எந்தக் கேட்டில், எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்ற குறிப்புக்குத்தான் மதிப்பு அதிகம். குறிப்பு இல்லாத கைகாட்டியை ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி எந்த ஓட்டல் வாசலில் வேண்டுமானாலும் நட்டுவைக்கலாம். பார்க்கிறவனுக்கு அது என்ன சொல்லும்? நீங்கள் இரும்பு சேர்க்கத் தொடங்குமுன் நோட்டுப் புத்தகம் ஒன்று தொடங்குங்கள். கேட் நம்பர், ரோட்டின் பெயர், அடுத்த ஸ்டேஷன், மிச்சம் நிற்பவை, பார்த்த தேதி. அந்தந்த ஊரில் எண்பது வயதைத் தொட்டவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். சிக்னல் பார்த்துச் சமையலை இறக்கிய பாட்டிமார்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வது ரெஜிஸ்டரில் கிடைக்காது.

சரி, நேர்வழியில் வாங்குவது எப்படி? ரயில்வே தன் பழைய இரும்பை இப்போது ஐ.ஆர்.இ.பி.எஸ் என்ற இணையதளத்தில் மின்னேலத்தில் விற்கிறது. திருச்சிப் பக்கத்துச் சாமான்களில் பெரும்பகுதி பொன்மலை ஸ்டோர்ஸ் டிப்போ வழியாகப் போகும். பதிவுசெய்ய டிஜிட்டல் கையெழுத்து வேண்டும், ஒரு லாட், அதாவது ஏலத்தில் ஒன்றாக விடும் குவியல், டன் கணக்கில் இருக்கும். ஒற்றைக் கைகாட்டிக்காக நீங்களும் நானும் அதில் நுழைவது கஷ்டம். ஆகவே ஏலம் எடுக்கிற வியாபாரியைப் பிடியுங்கள். சாமான் உருக்குக்குப் போகும் முன் பார்க்க விடும்படி கேளுங்கள். எடைக்கு எடை இரும்பு விலையும் மேலே கொஞ்சமும் கொடுத்தால் பலர் சம்மதிப்பார்கள். லாட் நம்பரும் தேதியும் போட்ட பில், டிப்போவிலிருந்து வெளியே விட்ட சீட்டின் நகல், இரண்டும் இல்லாமல் வண்டியில் ஏற்றாதீர்கள். காயலான் கடையில் கிடைப்பதற்கும் இதே விதிதான். கடைக்காரர் பில் தரத் தயங்கினால், எவ்வளவு ஆசையாக இருந்தாலும் விட்டுவிட்டு வந்துவிடுங்கள். வயது நூறைத் தாண்டிய வரலாற்றுப் பொருளென்றால் 1972-ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டமும் குறுக்கே வரும். வெளிநாட்டுக்கு அனுப்பும் பேச்சே கூடாது.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளிலும் ரயில் விளக்குகள் பார்க்கலாம். ஆனால் எந்த ஊரானாலும் போலி உண்டு. ‘எஸ்.ஐ.ஆர்.’ (தென்னிந்திய ரயில்வே) என்று பித்தளை எழுத்து பதித்த விளக்கொன்றை நானே ஒரு கடையில் வாங்கி ஏமாந்தேன், வேலையில் இத்தனை வருடம் இருந்தும். எழுத்தின் ஓரம் கூர்மையாக இருந்தது. உண்மையான விளக்கில் எத்தனையோ கை பட்டு ஓரம் மழுங்கியிருக்கும், திரி ஏற்றும் பக்கம் உள்தகட்டில் கரி ஏறி, சுரண்டினாலும் போகாமல் இருக்கும். கண்ணாடியில் இன்னொரு பரீட்சை வைக்கலாம். கைகாட்டியோடு அசையும் சட்டத்தில் சிவப்பும் பச்சையுமாக இரண்டு கண்ணாடி இருக்கும் அல்லவா? அந்தப் பச்சையைப் பகலில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நீலம் கலந்து தெரிய வேண்டும். மண்ணெண்ணெய்ச் சுடர் மஞ்சள். மஞ்சள் வெளிச்சம் அந்த நீலம் ஓடிய கண்ணாடியில் புகுந்து வரும்போதுதான் டிரைவர் கண்ணுக்குப் பச்சை. பகலிலேயே கிளிப்பச்சையாக இருந்தால் பின்னால் மாட்டிய கண்ணாடி என்று சந்தேகப்படலாம்.

கிடைத்ததைச் சீர்செய்வதில் அவசரம்தான் முதல் எதிரி. அந்தக் காலத்து நட்டு போல்ட் அங்குலக் கணக்கில் வந்த பிரிட்டிஷ் விட்வொர்த் மரை. இப்போதைய மில்லிமீட்டர் ஸ்பேனர் வைத்தால் வழுக்கி நட்டின் முனையைத் தின்றுவிடும். மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து துணியில் நனைத்து நட்டைச் சுற்றிக் கட்டி ஒரு வாரம் விடுங்கள். சுத்தியல் வேண்டவே வேண்டாம். எனாமல் சிதறும், வார்ப்பிரும்பு விரிசல் விடும். எடைக்கல், கண்ணாடிச் சட்டம், கம்பத் தலையில் மழைத்தண்ணீர் இறங்காமல் மூடியிருக்கும் கலசம் எல்லாம் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. பட்டறையில் சாதாரண ராடு போட்டு வெல்டு வைத்தால் பக்கத்திலேயே மறுபடி வெடிக்கும். நிக்கல் ராடு வைத்திருக்கிற, வார்ப்பிரும்பு வேலை தெரிந்த ஆளாகப் பாருங்கள்.

பழைய பெயின்டுக்கு அடியில் செந்தூர நிறத்தில் ஒரு பூச்சு தெரிந்தால் அது ரெட் லெட், ஈயம். கிரைண்டர் போட்டுத் தூள் பறக்கவிடாதீர்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்னும் கவனம். தண்ணீர் விட்டு ஈரமாகத் தேய்த்து, வழிந்ததைத் துணியில் ஒற்றி எடுங்கள். அப்படிப் பொறுமையாகத் தேய்த்தால் இன்னொரு லாபமும் உண்டு. அடுக்கடுக்காய் அடித்த பெயின்டுக்குள் பழைய நம்பரும் எழுத்தும் ஒளிந்திருக்கும். என்னிடம் பில்லோடு வந்த ஒரு ‘ஜி’ தகட்டை, ஆர்வத்தில் முதல் நாளே தகடு தெரியும்வரை சுரண்டிவிட்டேன். கடைசி அடுக்கில் ஏதோ எண் இருந்தது, பாதி போன பிறகுதான் கவனித்தேன். எந்தக் கேட்டின் தகடு என்று இனி யாராலும் சொல்ல முடியாது. இன்றைக்கும் அதைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. பித்தளைப் பாகங்களைப் பூஜைப் பாத்திரம் மாதிரி புளி போட்டு விளக்காதீர்கள், பதித்த எழுத்து தேய்ந்துபோகும். வேதாரண்யம் பக்கத்து இரும்பாக இருந்தால் உப்பளக் காற்று உள்ளே இறங்கி அடை அடையாக உரியும். நல்ல தண்ணீரில் பல தடவை ஊறவைத்து உப்பை இறக்கிய பிறகுதான் எதுவும் பூச வேண்டும்.

பழைய சாமான்களை நேரில் பார்க்க வேண்டுமானால் திருச்சி ரயில்வே மியூசியத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். 2014-ல் திறந்தது. பழைய தென்னிந்திய ரயில்வே காலத்துச் சாமான்களைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். அளவும் அமைப்பும் கண்ணில் பதிந்தால் காயலான் கடைக் குவியலில் ஒரு துண்டு கிடந்தாலும் அடையாளம் தெரியும்.

உங்கள் வீட்டிலேயே முதலில் தேடுங்கள். கேட்கீப்பர் குடும்பங்களில் பச்சைக்கொடி சுற்றிய கம்பு, கை விளக்கு, டியூட்டி நோட்டு, போட்டோ ஏதாவது பரணில் இருக்கும். தாத்தாவின் சர்வீஸ் காகிதத்தில் கேட் நம்பர் இருந்தால் எனக்கு எழுதுங்கள். ஆக்கூர் மடையைப் பார்க்க மாசி பிறந்ததும் வழக்கம்போல் போவேன். அந்த நம்பர் அதே பக்கத்துக் கேட்டாக இருந்தால் நீங்களும் வாருங்கள், டேப்பும் நோட்டும் கொண்டுவருகிறேன்.